சாலைக்கு முன் மைதானம்

அரியூர் வழியே புதுச்சேரி–விழுப்புரம் நெடுஞ்சாலை செல்கிறது. மிதிவண்டி ஓட்டத் தெரிவது வேறு, அந்தச் சாலையில் ஓட்டுவது வேறு. இரண்டையும் பள்ளி மைதானத்திலேயே கற்பிக்கலாம் என்பது என் கருத்து.

முதலில் தயக்கம் போக வேண்டும். அதற்குப் புதுக்கோட்டை நல்ல சான்று. 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்தது. கிராமப் பெண்கள் ஒரு லட்சம் பேருக்கு மேல் கற்றனர். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று ஆண்கள் வண்டியையே விரும்பியவர்களும் உண்டு. கூட்டமாகக் கற்றதால்தான் கூச்சம் விலகியது என்று நினைக்கிறேன்.

புதிதாகக் கற்பவருக்குப் பெடல்களைக் கழற்றிவிட்டு, கால் தரையில் ஊன்றுமளவு சீட்டை இறக்கி, உந்தி உருளப் பழக்குங்கள். சமநிலை வந்தபின் பெடலை மாட்டலாம். குரங்குப் பெடலில் விழுந்தெழுந்து கற்ற நமக்கு இது விளையாட்டாகத் தோன்றும்!

ஓட்டத் தெரிந்தவர்களிடம்தான் வேலை அதிகம். வலப்புறம் திரும்பிப் பார்த்ததுமே ஹேண்டில்பாரும் வலப்புறம் போய்விடும். பின்னால் லாரி வந்தால் அதுவே ஆபத்து. சுண்ணாம்புக் கோடு போட்டு, அதைவிட்டு விலகாமல் திரும்பிப் பார்க்கவும் ஒற்றைக் கையால் சைகை காட்டவும் பழக்க வேண்டும். அது கைவரும்வரை நெடுஞ்சாலையை இறங்கித் தள்ளிக்கொண்டே கடக்கட்டும்.