இரண்டு நிமிடப் பொறுமை

புதுக்கோட்டையின் திருவப்பூர் ரயில்வே கேட்டிலோ, கருவேப்பிலான் கேட்டிலோ காத்து நின்று பழகியவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. கேட் மூடியிருக்கும். இருபுறமும் வாகனங்கள் வரிசையாய் நிற்கும். திடீரென ஒருவர் தம் ஸ்கூட்டரைச் சாய்த்து, தலையைக் குனிந்து, தடுப்புக் கம்பியின் அடியில் நுழைவார். பின்னிருக்கையில் பள்ளிப் பையுடன் அவர் பிள்ளை இறங்கி நடக்கும். "ரயில்தான் இன்னும் வரவில்லையே!" என்பது அவர் கூறும் சமாதானம். அவரைக் கண்டு இன்னொருவர். அவரைக் கண்டு மற்றொருவர்.

மிச்சமாவது இரண்டு நிமிடம். பணயம் வைக்கப்படுவதோ ஒரு குடும்பம்.

கண் செய்யும் வஞ்சனை

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு வினாடியில் சுமார் 28 மீட்டர் கடந்துவிடுகிறது. அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் தெரியும் ரயில் நம்மை வந்தடையப் பதினெட்டு வினாடிகளே போதும். ஆனால் மிகப்பெரிய உருவம் நேர் எதிரே வரும்போது, அது மெதுவாக வருவதாகவே நம் கண்ணுக்குத் தோன்றும். "கடந்துவிடலாம்" என்ற கணக்கு தவறுவது இங்கேதான். ஓட்டுநர் அவசர பிரேக்கை இழுத்தாலும் ரயில் அந்த இடத்திலேயே நிற்காது. பல நூறு மீட்டர் ஓடிய பிறகே நிற்கும். நிறுத்தும் ஆற்றல் ஸ்கூட்டர்காரரிடம் மட்டுமே உள்ளது.

இன்னொன்றையும் அறிய வேண்டும். அகல ரயில் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் 1.676 மீட்டர். பெட்டியின் அகலமோ ஏறத்தாழ 3.25 மீட்டர். அதாவது தண்டவாளத்திற்கு வெளியே இருபுறமும் முக்கால் மீட்டருக்கு மேல் பெட்டி நீண்டு வரும். "தண்டவாளத்தில் ஏறவில்லை, பக்கத்தில்தானே நின்றேன்" என்போரும் அடிபடுவது இதனால்தான்.

அறந்தாங்கிப் பாதை கற்பித்த பாடம்

நம் மாவட்டத்தின் அறந்தாங்கி வழியாகச் செல்லும் திருவாரூர் - காரைக்குடி மீட்டர் கேஜ் பாதை, அகலப்பாதையாக்கும் பணிக்காக 2012இல் மூடப்பட்டது. ஆண்டுக்கணக்கில் ரயிலே வராத கேட்டுகளை நின்று பாராமல் கடந்துசெல்லும் பழக்கம் மக்களுக்கு ஏற்பட்டுவிட்டது. 2019 ஜூனில் முழுப் பாதையிலும் மீண்டும் ரயில் ஓடியபோது, கேட்டுகளுக்குப் போதிய ஆட்கள் இல்லை. கேட் கீப்பர்கள் ரயிலிலேயே பயணம் செய்தனர். ஒவ்வொரு கேட்டின் முன்பும் ரயில் நிற்கும். ஒருவர் இறங்கி மூடுவார். கடந்தபின் திறந்துவிட்டு மீண்டும் ஏறுவர். சுமார் 150 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. மக்கள் நகைத்தனர். ஆயினும், உயிர்களைக் காக்க ஒரு ரயிலே கேட்டுக்குக் கேட் நின்று சென்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ரயிலே நின்றபோது, ஸ்கூட்டரில் செல்லும் நமக்கு நிற்பதில் என்ன குறைவு?

திறந்த கேட்டையும் நம்பலாகாது

அகலப்பாதைகளில் ஆளில்லாக் கேட்டுகள் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டன. ஆயினும் ஆள் உள்ள கேட்டிலும் தவறு நேர்வதுண்டு. 2025 ஜூலை 8ஆம் தேதி கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் மாண்டனர். கேட் மூடினால்தான் சிக்னல் கிடைக்கும் என்ற இணைப்பு அங்கே இருக்கவில்லை. எனவே கேட் திறந்திருந்தாலும் வேகத்தைக் குறைத்து, இருபுறமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்ட பிறகே கடக்க வேண்டும். உத்தரப்பிரதேசம் குஷிநகரில் 2018 ஏப்ரலில் 13 பள்ளிக் குழந்தைகளைப் பலிகொண்ட விபத்தில், வேன் ஓட்டுநர் காதில் இயர்போன் மாட்டியிருந்ததாகக் கூறப்பட்டது. ஹெல்மெட்டுக்குள் செல்போனைச் செருகிப் பேசிச் செல்லும் இளைஞர்கள் இதை மறக்கலாகாது.

சட்டமும் கடுமையானது. மூடிய கேட்டை உரிமையின்றித் திறப்போருக்கு 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 160ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம். கேட்டை உடைத்தால் ஐந்தாண்டு வரை.

ஸ்கூட்டர் நின்றுவிட்டால்

ஸ்கூட்டரின் சக்கரம் சிறியது. சாய்வாகக் கடந்தால் தண்டவாளத்தை ஒட்டிய இடுக்கில் அது சிக்கக்கூடும். ஆகவே நேராகவே கடக்க வேண்டும். தண்டவாளத்தின் மேல் வண்டி நின்றுபோய், ரயில் வருவது தெரிந்தால், வண்டியைக் கைவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பாதையை விட்டு விலகி, ரயில் வரும் திசையை நோக்கிச் சாய்வாக ஓட வேண்டும். மோதலில் சிதறும் பாகங்கள் ரயில் செல்லும் திசையிலேயே பாயும். வண்டியை மீண்டும் வாங்கலாம். கேட் கீப்பரிடமோ, 139 என்ற ரயில்வே எண்ணிலோ உடனே தெரிவிக்க வேண்டும்.

அடிபட்டுப் பிழைப்போரின் காயங்கள் எளியவையல்ல. தலைக்காயம், முதுகெலும்பு முறிவு, இடுப்பெலும்பு முறிவு, கால் துண்டிப்பு ஆகியன வாழ்நாள் முழுதும் தொடர்பவை. அருகிலிருப்போர் முதலில் மற்றொரு ரயில் வருகிறதா எனப் பார்த்து, 108ஐ அழைக்க வேண்டும். இரத்தம் பெருகும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கழுத்தையோ முதுகையோ வளைத்துத் தூக்கலாகாது, தண்ணீர் புகட்டலாகாது. துண்டான உறுப்பை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி இட்ட நீரில் வைத்து நோயாளியுடன் அனுப்ப வேண்டும். பனிக்கட்டி நேரே உறுப்பில் படலாகாது. "போலீஸ் நம்மைப் பிடிக்குமோ" என அஞ்சி விலக வேண்டாம். சாலை விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது.

இல்லங்களில் தொடங்குவோம்

கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், அம்மாபட்டினம் போன்ற நம் ஊர்களில் ஆண்கள் பலர் வெளிநாட்டில் உழைக்கின்றனர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதும், பெற்றோரை மருத்துவரிடம் காட்டுவதும் ஸ்கூட்டர் ஓட்டும் நம் சகோதரிகளே. அவர்கள் தாமதமின்றி வீடு திரும்ப வேண்டும் என்பதைவிட, நலமாகத் திரும்ப வேண்டும் என்பதே முக்கியம். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று தொலைபேசியில் கடிந்துகொள்ளும் கணவரும், "ஜும்ஆவுக்கு நேரமாயிற்று, சீக்கிரம் போ" என மகனை விரட்டும் அத்தாவும் இதை எண்ணட்டும்.

மூடிய கேட்டின் முன் நாம் பொறுமையாக நிற்பதைப் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பிள்ளை பார்க்கிறது. குனிந்து நுழைவதையும் அதே பிள்ளை பார்க்கிறது. நாளை அதன் கையில் ஸ்கூட்டர் வரும்போது, இன்று நம்மிடம் கற்றதையே அது செய்யும்.