கோட்டைக்குள்ள ரெண்டு வாசல்

போன வாரம் திண்டிவனம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணா, எங்க ஏரிக்குத் தண்ணி வர்ற வாய்க்கால் தூர்ந்து கிடக்கு. ஊரே சேர்ந்து வேன் பிடிச்சு கோட்டைக்குப் போய் மனு கொடுக்கலாம்னு இருக்கோம். போனா வேலை நடக்குமா?" இந்த எபிசோட் முழுக்க அதுக்கான பதில்தான்.

நம்ம பக்கத்துல கோட்டைன்னா செஞ்சிதான் ஞாபகம் வரும். ஆனா மனுவோட "கோட்டைக்குப் போறேன்"னு ஒருத்தர் சொன்னா, அது சென்னை புனித ஜார்ஜ் கோட்டை. கிழக்கிந்தியக் கம்பெனி 1640-கள்ல வியாபாரத்துக்காகக் கட்டினது. நான் முதல் தடவை போனப்ப விழுப்புரத்துல ரயில் ஏறி, தாம்பரத்துல மாறி, கோட்டை ஸ்டேஷன்ல இறங்கினேன். உள்ள ஒரே ஒரு அரசாங்க ஆபீஸ் இருக்கும்னு நினைச்சேன். போனா 1680-ல திறந்த புனித மேரி தேவாலயம் இருக்கு, அருங்காட்சியகம் இருக்கு, இராணுவ அலுவலகங்கள் இருக்கு. அதுக்கு நடுவுலதான் நம்மள ஆளுற ரெண்டு இடமும் இருக்கு.

ஒண்ணு சட்டமன்றம். 234 உறுப்பினர்கள் உட்காருற இடம். 72-ஆம் எண் தொகுதி திண்டிவனம், 74-ஆம் எண் விழுப்புரம். இன்னொண்ணு தலைமைச் செயலகம். துறைச் செயலாளர்கள், கோப்புகள், பத்து மாடி நாமக்கல் கவிஞர் மாளிகை எல்லாம் இதுல வரும். முதல் இடத்துல சட்டம் பிறக்குது. ரெண்டாவது இடத்துல அரசாணை பிறக்குது. நாம ஜி.ஓ.னு சொல்றோமே, அதுதான்.

என்ன வித்தியாசம்? நம்ம மாவட்டக் கதையையே எடுத்துக்குவோம். 1993 வரைக்கும் நாம தென்னாற்காடு. கலெக்டரைப் பார்க்கணும்னா கடலூருக்குப் போகணும். அப்புறம் விழுப்புரம் தனி மாவட்டம் ஆச்சு. 2019 ஜனவரியில், கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும்னு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆனா அன்னைக்கே மாவட்டம் பிறந்துடலை. ஏற்கெனவே இருக்குற சட்டத்தோட அதிகாரத்துல செயலகம் அரசாணை போட்டு, நவம்பர் மாதம்தான் அது நடைமுறைக்கு வந்தது.

பல்கலைக்கழகம் அப்படி இல்லை. அதுக்குத் தனிச் சட்டமே வேணும். விழுப்புரத்தைத் தலைமையிடமா வச்சு ஜெயலலிதா பல்கலைக்கழகம் அமைக்க 2021 பிப்ரவரியில் மசோதா நிறைவேறியது. மே மாதம் ஆட்சி மாறுச்சு. ஆகஸ்ட் கடைசியில், அந்தக் கல்லூரிகளை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட இணைக்க இன்னொரு மசோதா நிறைவேறியது. சரியா தப்பாங்குறது வேற விவாதம். சட்டம் போட்டு கொண்டுவந்ததை மாத்தணும்னா, மறுபடி சட்டமன்றத்துக்குத்தான் வரணும்.

இதுல ஒரு வேடிக்கை. இந்த ரெண்டு மசோதாவும் கோட்டைக்குள்ள நிறைவேறலை! கொரோனா சமயம்ங்கிறதால பேரவை கலைவாணர் அரங்கத்துல கூடுச்சு. 2010-ல ஓமந்தூரார் தோட்டத்துல புதுக் கட்டடம் திறந்தாங்க. அடுத்த வருஷமே பேரவை கோட்டைக்குத் திரும்பிடுச்சு. அந்தக் கட்டடம் இப்போ பன்னோக்கு மருத்துவமனை. அந்த ஓமந்தூரார் யாருன்னு நினைக்கிறீங்க? சுதந்திரம் வந்த அன்னைக்குச் சென்னை மாகாணத்தோட பிரதமரா இருந்த ராமசாமி ரெட்டியார். திண்டிவனம் பக்கத்துல இருக்குற ஓமந்தூர்க்காரர். கட்டடம் எங்க வேணா மாறட்டும், சபை கூடி ஓட்டுப் போட்டாத்தான் மசோதா நிறைவேறும். ஆளுநர் ஒப்புதல் கொடுத்து அரசிதழ்ல வந்தாத்தான் அது சட்டம்.

சரி, தம்பியோட வாய்க்காலுக்கு வருவோம். இதுக்குப் புதுச் சட்டம் வேண்டாம். பணமும் உத்தரவும்தான் வேணும். செயலகத்துல முதலமைச்சரின் தனிப்பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. அங்க மனு கொடுக்கலாம், தப்பில்லை. ஆனா இந்த மாதிரி மனுவை அவங்க விசாரிக்கச் சொல்லி மாவட்டத்துக்குத்தான் அனுப்புவாங்க. நீங்க வேன் வாடகை கொடுத்து 120 கிலோமீட்டர் கொண்டுபோன காகிதம், திரும்ப விழுப்புரத்துக்கே வரும்.

அதனால முதல்ல ஏரி யாரோடதுன்னு பாருங்க. நூறு ஏக்கருக்கு மேல பாசனம் இருந்தா நீர்வளத் துறை. அதுக்குக் கீழேன்னா ஊராட்சி ஒன்றியம். எதுன்னு தெரிஞ்சதும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு கொடுத்து ரசீது வாங்குங்க. அந்த ரசீது நகலோட உங்க எம்.எல்.ஏ.வைப் பாருங்க. பேரவையில கேள்வி நேரத்துலயோ, அந்தத் துறையோட மானியக் கோரிக்கை விவாதத்துலயோ உங்க ஏரி பேரைச் சொல்லி அமைச்சர்கிட்ட பதில் வாங்க வேண்டியது அவரோட வேலை. அதைத்தான் அவர்கிட்ட கேட்கணும்.

வேனுக்குச் சேர்த்த காசைப் பத்திரமா வச்சிருங்க தம்பி. ஒருநாள் பார்வையாளர் சீட்டு வாங்கி, மாடத்துல உட்கார்ந்து, உங்க ஏரி பேர் காதுல விழுதான்னு கேட்கப் போகலாம். விழுந்தா எனக்கும் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.