பின்னிருக்கை சொல்லும் இயற்பியல்

காரை விட்டு இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பாட்டியைப் பார்த்து, "வயசாயிருச்சு, அதான்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதே பாட்டி வீட்டு நாற்காலியில் அதே நேரம் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தால் அவ்வளவு வலி தெரிவதில்லை. ஏன்? நாற்காலி அசைவதில்லை. ஓடும் காரின் இருக்கையோ ஒரு நொடிகூட அசையாமல் இருப்பதில்லை. அந்தச் சின்னஞ்சிறு அசைவுகளைத்தான் அதிர்வு என்கிறோம்.

மாணவர்களே, இது உங்கள் பாடநூலில் உள்ள விஷயம்தான். படிவம் 4 இயற்பியலில் அலைகள் பற்றிய இயலைத் திறந்து பாருங்கள். மலாயில் 'பெலெம்பாபான்', 'ரெசோனன்ஸ்' என்று வருமே, அந்தத் தணிப்பும் ஒத்ததிர்வும்தான் பாட்டியின் இடுப்பில் வேலை செய்கின்றன.

உடலுக்கும் ஓர் அதிர்வெண்

ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சிறு விசையிலேயே உயரப் போகும். ஒவ்வொரு பொருளுக்கும் இப்படிப் பிடித்தமான ஓர் அதிர்வெண் உண்டு. அந்த அதிர்வெண்ணில் தள்ளினால் அசைவு பெருகும். மனித உடலும் இதற்கு விலக்கன்று. உட்கார்ந்திருக்கும் ஒருவரை மேலும் கீழுமாக அசைத்தால், விநாடிக்கு 4 முதல் 8 முறை, அதாவது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான அசைவே உடலை அதிகம் பாதிக்கிறது. முதுகெலும்பும் வயிற்று உறுப்புகளும் ஸ்பிரிங் மேல் வைத்த எடைபோல அப்போது குலுங்குகின்றன. பக்கவாட்டில் அசைத்தால் 2 ஹெர்ட்ஸுக்கும் குறைந்த அசைவே அதிகம் உறுத்தும்.

இதை அளவிட ஐ.எஸ்.ஓ. 2631 எனும் அனைத்துலகத் தரம் இருக்கிறது. உடல் எந்த அதிர்வெண்ணுக்கு எவ்வளவு கூசுகிறதோ அதற்கேற்ப எடை கொடுத்து, அதிர்வின் முடுக்கத்தை அது ஓர் எண்ணாக்குகிறது. அந்த எண் 0.315-க்குக் கீழே இருந்தால் பயணிக்குத் தொல்லை இல்லை. 0.5 முதல் 1 வரை ஓரளவு தொல்லை. 2-ஐத் தாண்டினால் தாங்க முடியாத தொல்லை. ஆக, 'குலுக்கல் அதிகமா இருக்கு' என்று ஒருவர் சொல்வது வெறும் முனகல் அன்று. அளந்து பார்க்கக்கூடிய உண்மை.

கோப்பெங் சாலைகளில் ஒரு கணக்கு

நான் கோப்பெங்கில் வளர்ந்தவன், இயந்திரவியல் கற்பிப்பவன். எங்கள் ஊரைச் சுற்றி எல்லா வகைச் சாலைகளும் உண்டு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வழவழப்பாக ஓடுகிறது. ஈப்போவுக்குச் செல்லும் பழைய கூட்டரசுச் சாலையில் ஒட்டுப்போட்ட இடங்கள் வரும். கெல்லி கோட்டை வழியாகப் பத்து காஜாவுக்குப் போகும் சாலை இருக்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களுக்குள் செம்மண் சாலைகளும் இருக்கின்றன.

ஒரு சாலையில் 4 மீட்டருக்கு ஒரு மேடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கார் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறது. 20-ஐ 4-ஆல் வகுத்தால் 5 ஹெர்ட்ஸ். உடல் மிகவும் கூசும் எல்லைக்குள் நேராகப் போய் விழுகிறது! வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் 2.5 ஹெர்ட்ஸ், அந்த எல்லைக்கு வெளியே வந்துவிடுகிறோம். மேடு பள்ளமான சாலையில் மெதுவாகப் போகச் சொல்லும் பெரியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. ஆனால் விடை அவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது.

என் அம்மா ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி. மருத்துவப் பரிசோதனைக்காக அவரை ஈப்போவுக்குக் காரில் அழைத்துச் செல்வது வழக்கம். தூரம் சுமார் 20 கிலோமீட்டர்தான். "பின்னால உட்கார்ந்தா முதுகு கேக்குதுப்பா, முன்னால அவ்வளவா தெரியல" என்று ஒருநாள் சொன்னார். அது நூற்றுக்கு நூறு சரியான இயற்பியல். விளையாட்டுத் திடலில் உள்ள ஜொங்காங் ஜொங்கெட் பலகையை நினைத்துப் பாருங்கள். நடுவில் இருப்பவர் அதிகம் அசைவதில்லை; ஓரத்தில் இருப்பவர்தான் ஏறி இறங்குகிறார். காரில் முன்னிருக்கை இரு சக்கர அச்சுகளுக்கும் நடுவே அமைகிறது. பின்னிருக்கை பின்சக்கரத்தை ஒட்டி இருக்கிறது. போதாக்குறைக்கு, ஓட்டுநர் மேட்டை முன்கூட்டியே பார்த்து உடலைத் தயார்ப்படுத்திக்கொள்கிறார். பின்னால் இருப்பவருக்கு அந்த முன்னறிவிப்பு கிடையாது. ஒரே காரில், ஒரே சாலையில், இருவரும் செய்வது ஒரே பயணம் அன்று.

கேமரன் மலையில் வரும் வாந்தி

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் பலருக்கும் குமட்டல் வரும். அதுவும் ஒருவகை அசைவின் வேலைதான். ஆனால் இது மிக மெதுவானது: 0.1 முதல் 0.5 ஹெர்ட்ஸ் வரை. வளைவுக்கு வளைவு இடமும் வலமும் சாய்வதும், அடிக்கடி பிரேக் பிடிப்பதும் இந்த மெதுவான ஆட்டத்தை உண்டாக்குகின்றன. உள்காது 'அசைகிறோம்' என்கிறது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ 'அசையவில்லை' என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டுகிறது. தூரத்துச் சாலையைப் பார்த்தபடி இருங்கள். ஓட்டுபவர் வளைவில் சீராகத் திரும்பினால் பாதிப் பிரச்சினை தீரும்.

தாத்தா பாட்டி கொடுத்த தீர்வு

சாலையின் அதிர்வு முதுகுக்கு வருமுன் பல காவல்களைத் தாண்ட வேண்டும். டயரில் அடைத்த காற்று முதல் காவல். பிறகு ஸ்பிரிங், அப்சோர்பர், ரப்பர் புஷ், கடைசியில் இருக்கை மெத்தை. இதற்கிடையில் எஞ்சினின் அதிர்வும் வந்து சேர்கிறது. ஆக்ஸியா போன்ற மூன்று சிலிண்டர் கார் சிவப்பு விளக்கில் நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 800 முறை சுழன்றால், விநாடிக்கு 20 வெடிப்புகள் நிகழ்கின்றன. அதைத் தடுத்து நிறுத்துவது எஞ்சின் மவுண்டிங்கில் உள்ள ரப்பர்.

இந்தக் காவல்களில் எத்தனை ரப்பரால் ஆனவை என்று கவனித்தீர்களா? 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் எனும் கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடுவதற்காகக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்தார். 1929-இல் டன்லப் நிறுவனத்தில் மரப்பாலைக் கடைந்து நுரையாக்கி மெத்தை செய்யும் முறையைக் கண்டறிந்தனர். இன்று கார் இருக்கையில் பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரை வந்துவிட்டது. ஆனால் டயரிலும் புஷ்ஷிலும் ரப்பரின் இடம் போகவில்லை. 1877-இல் கோலாகங்சாரில் நட்ட கன்றுகளோடு பேராக்கில் தொடங்கிய கதை இது. விடியுமுன் எழுந்து நம் தாத்தா பாட்டி வெட்டிய பால்தான் உலகத்துப் பயணிகளின் முதுகைக் காத்தது. அவர்கள் முதுகைக் காப்பது இப்போது நம் முறை.

மெத்தை தரும் ஏமாற்றம்

'மெத்தென்று இருந்தால் சுகம்' என்று நினைக்கிறோம். உண்மை அவ்வளவு எளிதல்ல. சாதாரண நுரை இருக்கை வேகமான அதிர்வுகளை நன்றாகக் குறைக்கும். ஆனால் 4 ஹெர்ட்ஸை ஒட்டிய அசைவை அது குறைப்பதற்குப் பதிலாகப் பெருக்கிவிடுகிறது. பாட்டிக்கு இன்னொரு தடித்த தலையணையைக் கீழே போடுவதால் வலி கூடினாலும் வியப்பில்லை.

இதை நீங்களே சோதிக்கலாம். ஜெர்மனியின் ஆகென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஃபைஃபாக்ஸ்' எனும் இலவசச் செயலி, கைப்பேசியில் உள்ள முடுக்க உணரியைக் கொண்டு அதிர்வைப் பதிவு செய்யும். ஓட்டுபவர் இதைத் தொடவே கூடாது. பயணியாக இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். கைப்பேசியை முதலில் காரின் தரையிலும் பிறகு இருக்கையிலும் அசையாதபடி ஒட்டி வைத்து, ஒரே சாலையில் ஒரே வேகத்தில் பதிவு செய்யுங்கள். முன்னிருக்கை, பின்னிருக்கை என்றும் ஒப்பிடுங்கள். ஐ.எஸ்.ஓ. அளவோடு இந்த எண் அப்படியே பொருந்தாது. ஒன்றோடொன்று ஒப்பிட இது போதும். பள்ளி அறிவியல் விழாவுக்கு இதைவிட நல்ல தலைப்பு வேண்டுமா?

நாளைக்கே செய்யக்கூடியவை

ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் டயர் காற்றின் அளவு எழுதியிருக்கும். அதைப் பார்த்துப் பெட்ரோல் நிலையத்தில் சரிசெய்யுங்கள். அளவுக்கு மீறினால் டயர் கல்லாகும், குறைந்தால் ஆபத்து. காரின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். ஒரு தடவை எழுந்து அடங்க வேண்டும். மீண்டும் மீண்டும் ஆடினால் அப்சோர்பரைப் பட்டறையில் காட்டுங்கள். வேனில் போனால் முதியவரைக் கடைசி வரிசையில் உட்கார வைக்காதீர்கள். நீண்ட பயணத்தில் ஓய்வுத்தளத்தில் நிறுத்தி, அவர்களைக் கொஞ்சம் நடக்க விடுங்கள்.

இதில் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நம் முதியவர்கள் வலியை வாய்விட்டுச் சொல்வதில்லை. "இன்னிக்கு வேணாம்யா, அடுத்த தடவை போய்க்கலாம்" என்று மருத்துவமனைப் பயணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பார்க்க வேண்டிய நாள் தவறிப்போகிறது. முதுகு நோகாத ஒரு பயணம் அவர்கள் உடல்நலத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. நாள் முழுதும் லாரியிலும் தோட்டத்து டிராக்டரிலும் உட்கார்ந்து உழைப்பவர்களுக்கோ இது வேலையிடப் பாதுகாப்பு. ஐரோப்பிய ஒன்றியம் 2002-லேயே தொழிலாளர் உடலுக்கு வரும் அதிர்வுக்கு எல்லை வகுத்துவிட்டது.

இந்தத் துறைக்கு ஆட்கள் வேண்டும். தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் தொழிற்சாலை இருக்கிறது. ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக், ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று படிக்கும் இடங்களும் நம் பேராக்கிலேயே இருக்கின்றன. தேர்வுக்காக மட்டும் மனனம் செய்யும் ஒத்ததிர்வு, ஒருநாள் யாரோ ஒருவரின் முதுகைக் காக்கும் இருக்கையாக மாறலாம். அதற்கு முன், இந்த வாரம் பாட்டி காரில் ஏறும்போது முன்னிருக்கைக் கதவைத் திறந்துவிடுங்கள்.