கடாரத்து மழைக்கணக்கு – 14: தண்ணீரின் தலை

போன வாரம் 2010 நவம்பர் வெள்ளத்தில், அலோர் ஸ்டார் விமான நிலையம் மூடப்பட்ட இடத்தில் நிறுத்தியிருந்தேன். தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு அதற்கு மேல் நினைவூட்ட வேண்டியதில்லை.

இந்த வாரம் 2004 சுனாமி என்று சொல்லியிருந்தேன். அந்த அலை வந்த கோத்தா கோலா மூடாவுக்குத்தான் புறப்பட்டேன். வழியில் ஜெராய் மலை நின்றது. அதன் உச்சி முழுக்க மேகம். கூட வந்த நண்பர், “கெபாலா ஆயர் வர்ற மாதிரி இருக்கு” என்றார். அந்த இரண்டு மலாய்ச் சொற்கள் நான்கு நாளாக என்னை விடவில்லை. கட்டுரை அச்சுக்குப் போகும் நாளும் வந்துவிட்டது. ஆகவே இந்த வாரம் மலைதான்.

கெபாலா என்றால் தலை, ஆயர் என்றால் தண்ணீர். மேலே பெய்த மழை கீழே ஆற்றில் திடீரென்று திரண்டு வருவதற்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் ‘தண்ணீர்த் தலை’. சின்ன வயதிலிருந்து கேட்ட சொல்தான். அதன் பொருள் எவ்வளவு துல்லியமானது என்பது இப்போதுதான் விளங்கியது.

2021 ஆகஸ்ட் 18, புதன்கிழமை. இரண்டு நாளுக்கு முன்புதான் பிரதமர் முகிதீன் யாசின் பதவி விலகியிருந்தார். அடுத்த பிரதமர் யார் என்றே நாடு பேசிக்கொண்டிருந்தது. அன்று ஜெராய் மலைமேல் கொட்டிய மழை, யான் பக்கம் தித்தி ஹாயுனிலும் மெர்போக் பக்கம் தூப்பாவிலும் சேறாகவும் கல்லாகவும் முழு மரங்களாகவும் இறங்கியது. ஆறு பேர் இறந்தார்கள். கீழே கிராமங்களில் வீடுகள் சேற்றில் புதைந்தன.

எப்படி வந்தது இது? ஜெராய் 1,217 மீட்டர் உயரம். தொடர்மலை இல்லை. கடலுக்கு அருகில், வயல்வெளி நடுவே தனியாக எழுந்து நிற்கிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அதில் முட்டி, மேலே ஏறி, குளிர்ந்து, அங்கேயே கொட்டிவிடுகிறது. சரிவிலுள்ள மண் நீரைக் குடித்துக் குடித்து ஒரு கட்டத்தில் மரத்தோடு பெயர்ந்து ஓடையில் விழுகிறது. விழுந்த மரங்கள் குறுக்கே அடைத்துக்கொள்ள, பின்னால் தண்ணீர் தேங்குகிறது. அடைப்பு உடையும்போது வருவதை வெள்ளம் என்று சொல்ல முடியாது. குழைத்த சிமெண்டுக் கலவையைப் போன்றது அது. எடை, வெறும் தண்ணீரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் யானைப் பருமன் கற்களையும் தூக்கி வருகிறது.

இனி என்னைத் தூங்கவிடாத விஷயம். மிக்சர் டப்பாவைக் குலுக்கிப் பாருங்கள். கடலை மேலே வரும், ஓமப்பொடித் தூள் அடியில் தங்கும். சேற்று ஓட்டத்திலும் அதுவே நடக்கிறது. குலுங்கக் குலுங்கப் பெரிய கற்கள் மேலே ஏறுகின்றன. அடிப்பகுதி தரையோடு உரசித் தாமதிக்க, மேற்பகுதி வேகமாக ஓடுகிறது. மேலேறிய கற்கள் அப்படியே முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. முன்னே கல்லும் மரமுமாக ஒரு சுவர், பின்னே குழம்பாக ஓடும் சேறு. உண்மையிலேயே அதற்குத் தலை இருக்கிறது, உடம்பு இருக்கிறது! ஆய்வுக்கூடத்தில் நீண்ட தொட்டி கட்டிப் பார்த்து அறிந்ததை, ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் இரண்டு சொல்லில் எப்போதோ சொல்லி வைத்துவிட்டார்கள்.

ஜப்பானில் நாகானோ மாநிலத்துக் கிசோ பள்ளத்தாக்கில் இதற்கு ‘பாம்பு வெளியேறுதல்’ என்று பெயர். அங்கே நாகிசோ என்ற ஊரில், 1953-இல் நடந்த அழிவுக்குப் பிறகு ஒரு நினைவுக்கல் நட்டார்கள். முன்னோர் சொன்ன அடையாளங்களை அதில் செதுக்கியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று: நீண்ட மழைக்குப் பின் ஓடைத் தண்ணீர் சட்டென்று நின்றால், பாம்பு வரப்போகிறது. மேலே அடைப்பு விழுந்துவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி.

இதைப் படித்தபோது பாட்டி ஞாபகம் வந்தது. பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். லயத்துக்குப் பின்னால் ஓடை. எங்கள் தலைக்குமேல் சுள்ளென்று வெயில் அடிக்கும்போதே பாட்டி கூப்பிடுவார்: “மலை கறுத்துடுச்சி, ஏறி வா அய்யா. தண்ணி கலங்குதா பாரு, எலையும் சுள்ளியும் வருதா பாரு.” வெயிலில் என்ன வெள்ளம் என்று எங்களுக்குப் புரியாது. மழை இங்கே பெய்ய வேண்டியதில்லை, அங்கே பெய்தால் போதும் என்பது பாட்டிக்குத் தெரியும்.

தோட்டத்து ஆபீசிலும் மழைக்கணக்கு இருந்தது. மழைமானியில் விழுந்ததை அளந்து கிராணி அங்குலக் கணக்கில் பேரேட்டில் எழுதுவார். மரப்பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டிய பிறகு மழை வந்தால் பால் மங்குக்குள் போகாமல் பட்டையில் வழிந்தோடும். ஆபீஸ் கணக்கு ரப்பருக்கானது. பாட்டியின் கணக்கு பிள்ளைகளுக்கானது. தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டு, சனங்கள் சுங்கை பட்டாணித் தாமான்களுக்குப் போனபோது இரண்டு கணக்கும் கேட்பாரற்றுப் போயின. இந்தத் தொடரை எழுத உட்கார்ந்ததே அந்த ஆற்றாமையில்தான்.

மலை மட்டும் தன் கணக்கை அழிக்கவில்லை. தித்தி ஹாயுன் போன்ற அருவி அடிவாரங்களில் உருண்டு திரண்ட பெரிய பாறைகள் கிடக்கும். பாய் விரித்து நெகிழிப் பெட்டியில் புளிச்சோறு தின்போம், பிள்ளைகளை அவற்றின்மேல் நிறுத்திப் படம் எடுப்போம். புவியியலாளர்கள் இப்படிப்பட்ட பாறைக் குவியல்களை முன்பு வந்த ஓட்டங்களின் தடயமாக வாசிக்கிறார்கள். சாதாரண ஓடைக்கு அவ்வளவு பெரிய கல்லை நகர்த்தும் பலம் கிடையாது. அப்படியென்றால் நாம் உட்கார்ந்து சாப்பிட்டது, எப்போதோ இறங்கி வந்து அங்கே ஓய்ந்த ஒரு தலையின்மேல். இங்கே ஒருமுறை வந்தது மறுமுறையும் வரும் என்பதற்கு அதைவிடப் பெரிய எச்சரிக்கைப் பலகை வேண்டியதில்லை.

ஜெராய்க்குப் பத்தரை மாதம் கழித்து, 2022 ஜூலை 4 அன்று, பாலிங் கூப்பாங்கில் இனாஸ் மலையிலிருந்து இதேபோல் இறங்கி மூன்று உயிர்களைக் கொண்டுபோனது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைத் தேயிலைத் தோட்டப் பகுதிகளையே துடைத்துப் போட்டது. மலையாளத்தில் அதற்கு ‘உருள்பொட்டல்’ என்று தனிச்சொல் இருக்கிறது. தமிழில் காட்டாறு என்கிறோம், மண்சரிவு என்கிறோம். தலையோடு வரும் இந்த ஒன்றுக்கு ஜெராய் அடிவாரத் தோட்டங்களில் நம்மவர்கள் என்ன பெயர் சொன்னார்கள்? யான், குரூண், செமிலிங், பீடோங் பக்கத்துப் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே கேட்டு எழுதுங்கள். சொல்லோடு, என்ன அடையாளம் பார்த்துக் கரையேறினார்கள் என்பதையும் எழுதுங்கள். அடுத்த பிள்ளைக்கு அதுதான் தேவை.

ஜப்பானியர்கள் இதற்கு ‘மலைச் சுனாமி’ என்றும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஓடை நின்றால் மலை வரும்; கடல் உள்வாங்கினால் அலை வரும். 2004 டிசம்பர் 26 காலை 8:58-க்கு சுமத்ரா அருகே கடலடி உடைந்தது. நம் கரைக்கு அலை வந்தபோது மதியம் ஒரு மணி தாண்டிவிட்டது. இடையில் நான்கு மணி நேரம் இருந்தது. கோத்தா கோலா மூடாவில் அந்த நான்கு மணி நேரம் எப்படிப் போனது என்பது அடுத்த வாரம்.