டோக்கியோவில் சாப்பாடு சுமக்கும் வெளிநாட்டார்!
மழை கொட்டினால் வரும்படி; விசா தவறினால் நாடு கடத்தல்

மணி இரவு ஒன்பது. டோக்கியோ நகரில் மழை கொட்டிக்கொண்டிருக்கிறது.

ஜனங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். அடுப்பு மூட்ட யாருக்கும் மனம் இல்லை. செல்போனை எடுத்துத் தட்டுகிறார்கள். "ஒரு ராமென், ஒரு தட்டு கியோசா" என்று ஓட்டலுக்குச் செய்தி பறக்கிறது.

(ராமென் என்பது கொதிக்கும் சாற்றில் மிதக்கும் கோதுமைச் சேமியா. கியோசா என்பது நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம்.)

எல்லோரும் வீடு திரும்பும் இந்த நேரத்தில்தான் சிலர் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். முதுகில் பெரிய சதுரப் பெட்டி. தலையில் ஹெல்மெட். உடம்பில் மழைக் கோட்டு. ஏறி மிதிக்க ஒரு சைக்கிள்.

மழை பெய்தால் ஊருக்கெல்லாம் கஷ்டம். இவர்களுக்கு அதுதான் வரும்படி!

இவர்களில் பெரும்பாலோர் ஜப்பானியர்தான். ஆனால் வெளிநாட்டாரும் உண்டு. 2024-ம் ஆண்டு முடிவில் ஜப்பானில் குடியிருந்த வெளிநாட்டார் 37 லட்சத்து 68 ஆயிரம் பேர். சீனர், வியட்நாம்காரர், கொரியர், பிலிப்பைன்ஸ்காரர், நேபாளி, பிரேசில்காரர் என்று பல நாட்டார். அத்தனை பேரும் ஏதாவது வேலை செய்து பிழைக்க வேண்டுமே!

சாப்பாடு சுமக்கும் வேலைக்குப் பரீட்சை எழுத வேண்டாம். மேலதிகாரி கிடையாது. நினைத்தபோது போகலாம், நினைத்தபோது நிறுத்தலாம். மொழி அரைகுறையாக இருந்தாலும் சமாளிக்கலாம். கேட்பதற்கு எவ்வளவு சுகமாக இருக்கிறது!

செய்து பார்த்தால்தான் தெரியும்.

தோளில் கிண்ணக் கோபுரம்

வீடு தேடிச் சாப்பாடு கொண்டுபோவது ஜப்பானுக்குப் புதிது அல்ல. "தெமாயே" என்று அதற்குப் பெயர். டோக்கியோ நகரம் எடோ என்று அழைக்கப்பட்ட காலத்திலேயே அது இருந்தது.

பிறகு சைக்கிள் வந்தது. சேமியாக் கடைப் பையன்கள் கிண்ணங்களைக் கோபுரம் போல அடுக்கி ஒரு தோளில் தாங்கிக்கொண்டு, ஒரே கையால் சைக்கிள் ஓட்டுவார்கள்! அந்தக் காலத்துப் புகைப்படங்களைப் பார்த்தால் சர்க்கஸ் என்றே நினைக்கத் தோன்றும். சாப்பிட்டு முடித்தவர்கள் கிண்ணத்தைக் கழுவி வாசலில் வைப்பார்கள். பையன் மறுபடி வந்து எடுத்துப் போவான்.

1958-ல் ஹோண்டா கம்பெனி "சூப்பர் கப்" என்ற சின்ன மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தது. சேமியாக் கடைப் பையன் ஒரு கையில் சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டும் என்பது கம்பெனியை நிறுவிய சோய்ச்சிரோ ஹோண்டாவின் எண்ணம். அதனால் இடது கைக்குக் கிளட்ச் பிடியே வைக்கவில்லை. 2017-க்குள் பத்துக் கோடி வண்டிகள் செய்தார்கள். உலகத்தில் வேறு எந்த மோட்டார் வண்டியும் அத்தனை செய்யப்பட்டது இல்லை. எல்லாம் ஒரு கிண்ணம் சேமியாவில் பிறந்த யோசனை!

அந்தப் பையனுக்குக் கடை முதலாளி சம்பளம் கொடுத்தார். இன்றைய பெட்டிக்காரர்களுக்கு முதலாளி யார்? அங்கேதான் சிக்கல்.

2016 செப்டம்பரில் "ஊபர் ஈட்ஸ்" டோக்கியோவில் தொடங்கியது. செல்போன் மூலம் ஓட்டலையும், வாடிக்கைக்காரரையும், சுமப்பவரையும் இணைக்கும் ஏற்பாடு இது. 2020 ஏப்ரல் 7-ந் தேதி கொரோனாவுக்காக அவசர நிலை பிறப்பித்தார்கள். ஓட்டல்கள் எட்டு மணிக்கே கதவை மூடின. வேலை இழந்தவர்கள் சைக்கிளை எடுத்தார்கள். தெருவெங்கும் பெட்டிகள் முளைத்தன.

யார் சுமக்கலாம்?

வெளிநாட்டார் எல்லோரும் பெட்டியைத் தூக்கிவிட முடியாது.

ஜப்பானில் குடியிருக்கும் ஒவ்வொரு வெளிநாட்டாரிடமும் ஓர் அட்டை இருக்கும். அவர் எதற்காக வந்தார், என்ன வேலை செய்யலாம் என்று அதில் எழுதியிருக்கும். பதினாறு வயது ஆனவர்கள் வெளியே போகும்போது அது சட்டைப் பையில் இருக்க வேண்டும். இல்லாமல் அகப்பட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம்! (2025-ல் ஒரு யென் நம் பணத்தில் சுமார் 60 காசு.)

நிரந்தரக் குடியிருப்பு அனுமதி பெற்றவர், ஜப்பானியரை மணந்தவர், நீண்ட காலக் குடியிருப்பு அனுமதி உள்ளவர் ஆகியோருக்குத் தடை இல்லை. எந்த வேலையும் செய்யலாம். ஜப்பானிய வம்சத்தில் பிறந்த பிரேசில்காரர்கள் பலர் இந்த வகைதான்.

கம்ப்யூட்டர் எஞ்சினீயராகப் போனவர் எஞ்சினீயர் வேலை செய்யலாம். மாலையில் ஓய்வாக இருக்கிறது என்று பெட்டியைத் தூக்கினால் சட்ட விரோதம்.

மாணவர்களின் பாடுதான் பரிதாபம்.

அனுமதி வாங்கிக்கொண்டால், பாடம் நடக்கும் காலத்தில் ஒரு மாணவர் வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்யலாம். ஆனால் அது மணிக் கணக்கில் சம்பளம் தரும் வேலையாக இருக்க வேண்டும். செல்போன் நிறுவனத்துக்குச் சுமப்பவர் வேலைக்காரர் அல்ல, தனி ஒப்பந்தக்காரர். அவர் எத்தனை மணி உழைத்தார் என்று எப்படிக் கணக்கிடுவது? ஆகவே மாணவர் அட்டை வைத்திருப்பவர்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் சேர்த்துக்கொள்வதில்லை.

அவர்களுக்கு நேர்வழி ஒன்று உண்டு. பிட்ஸா கடை. அங்கே கடைக்காரர் சம்பளம் தருவார். வண்டியும் கடையுடையது. கூரை போட்ட மூன்று சக்கர ஸ்கூட்டர். மழையில் அவ்வளவாக நனைய வேண்டியது இல்லை. 2025 அக்டோபரில் டோக்கியோவில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,226 யென் ஆயிற்று. 28 மணிக்குக் கணக்குப் போட்டால் வாரம் 34,328 யென்.

நல்ல பணம் மாதிரிதான் தெரிகிறது. ஆனால் டோக்கியோவில் வீட்டு வாடகை இருக்கிறது. பள்ளிக்கூடச் சம்பளம் இருக்கிறது. ஏஜெண்டுக்குக் கொடுக்க ஊரில் கடன் வாங்கி வந்தவர்கள் எத்தனையோ பேர். வட்டி அங்கே ஏறிக்கொண்டிருக்கும்!

இந்த இக்கட்டில்தான் விஷப் பரீட்சை ஆரம்பமாகிறது.

"என் பெயரில் பதிவு இருக்கிறது. நீ ஓட்டு. எனக்கு ஒரு பங்கு கொடு" என்பான் ஒரு பேர்வழி. பெயர் ஒருவருடையது, கால் இன்னொருவருடையது. சில நாள் ஓடும். ஒரு நாள் போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்தி அட்டையைக் கேட்பார். அவ்வளவுதான்! நாடு கடத்தப்பட்டால் ஐந்து ஆண்டுக்கு ஜப்பான் மண்ணை மிதிக்க முடியாது. படிப்பு போயிற்று. கடன் மட்டும் மிச்சம்.

இப்படிப்பட்டவர்களைச் சரியாகப் பரிசோதிக்காமல் வேலையில் விட்டதாக ஒரு பெரிய நிறுவனத்தின் மீதே 2021-ல் போலீசார் வழக்கை அரசு வக்கீலுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்பே அட்டைப் பரிசோதனை கடுமையாகிவிட்டது.

கல் சாமி

சரி, எல்லா அனுமதியும் உள்ள ஓர் ஆசாமி கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேபாளத்துக்காரர். மனைவி ஜப்பானியப் பெண். கைக்குழந்தை ஒன்று.

முதலில் காத்திருக்க வேண்டும். கூட்டம் உள்ள ஓட்டல் வாசலில் நின்றால் சீக்கிரம் அழைப்பு வரும். இப்படி அசையாமல் நிற்பவர்களுக்கு ஜப்பானியர் வேடிக்கையாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். "ஜிசோ!" ஜிசோ என்பது வழிப்போக்கரையும் குழந்தைகளையும் காக்கும் புத்த சமய தெய்வம். சாலை ஓரங்களில் சின்னக் கல் சிலையாக, மழையிலும் வெயிலிலும் நின்றுகொண்டிருக்கும். பெயர் கேலியாக வைத்ததுதான். ஆனாலும் எவ்வளவு பொருத்தம்!

செல்போன் மணி அடிக்கிறது. எங்கிருந்து எங்கே, எவ்வளவு கூலி என்று காட்டும். சில நூறு யென். ஒப்புக்கொள்ள யோசிக்க நேரம் அதிகம் இல்லை. குறிப்பிட்ட நாளுக்குள் இத்தனை நடை என்று முடித்தால் தனியாக ஒரு தொகை உண்டு. அந்தத் தொகைக்காகத்தான் பலர் ராத்திரி பன்னிரண்டு வரை மிதிக்கிறார்கள்.

ஓட்டலில் பொட்டலம் வாங்கியாயிற்று. ராமென் என்றால் சாறு ஒரு டப்பா, சேமியா ஒரு டப்பா என்று தனித்தனியாகக் கட்டிக் கொடுக்கும் கடைகள் உண்டு. பெட்டிக்குள் துண்டு சுற்றி ஆடாமல் வைக்க வேண்டும். சாறு சிந்தினால் போயிற்று மானம்! வாடிக்கைக்காரர் நல்ல மார்க்கோ கெட்ட மார்க்கோ போடுவார். கெட்ட மார்க்கு சேர்ந்தால் பிழைப்புக்கே ஆபத்து.

தெருவுக்குப் பெயர் இல்லை!

இப்போது வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது! பேட்டைக்குப் பெயர் உண்டு. பேட்டைக்குள் வட்டாரத்துக்கு ஒரு நம்பர். வட்டாரத்துக்குள் மனைக்கட்டுக்கு ஒரு நம்பர். கட்டிடத்துக்கு ஒரு நம்பர். "ரெண்டு, பதினாலு, ஏழு" என்று மூன்று எண்ணைச் சொன்னால் அதுதான் விலாசம்.

பழைய பகுதிகளில் நம்பர் வரிசையாக இருக்காது. நிலத்தைப் பதிவு செய்த வரிசைப்படி இருக்கும். ஐந்துக்குப் பக்கத்தில் முப்பது! இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1962-ல் சட்டம் போட்டு ஒழுங்கு செய்தார்கள். அப்படியும் ஒரே நம்பரில் இரண்டு மூன்று வீடுகள் வருவது உண்டு. வாசலில் பெயர்ப் பலகை இருந்தாலும் சீன எழுத்தில் இருக்கும். பல வீடுகளில் அதுவும் இல்லை.

செல்போன் படம் தெருமுனை வரைதான் கொண்டுவிடும். பிறகு அவரவர் சாமர்த்தியம்.

அடுக்கு மாளிகை என்றால் வேறு கதை. வாசல் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். அறை நம்பரை அழுத்தி, உள்ளே இருப்பவர் திறக்க வேண்டும். நாற்பது மாடிக் கட்டிடங்களில் சிலவற்றில் பின்பக்கமாகப் போய், காவல் அறையில் கையெழுத்துப் போட்டு, சாமான் ஏற்றும் லிப்டில் ஏற வேண்டும். அதற்குள் சேமியா ஊறிப் போகும். பழைய குடியிருப்புகளிலோ ஐந்து மாடி இருந்தாலும் லிப்ட் கிடையாது. எது மேல் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

கதவு திறந்ததும், "ஒமத்தசே ஷிமாஷித்தா!" என்று குனிந்து சொல்ல வேண்டும். "காக்க வைத்துவிட்டேன்" என்று பொருள். ஒரு நிமிஷம் முன்னதாக வந்தாலும் இதுதான் வசனம்! ஜப்பானில் இனாம் கொடுக்கும் பழக்கம் இல்லை. ஆனால் மழை நாளில் "மிகவும் சிரமப்பட்டீர்கள்" என்று தலை வணங்கும் கிழவிகள் உண்டு.

விழுந்தால் யார் பொறுப்பு?

போலீஸ் கெடுபிடியும் கூடிவிட்டது. குடை பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டக் கூடாது. செல்போனைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் யென் வரை அபராதம் என்று 2024 நவம்பரில் சட்டம் வந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் சைக்கிளுக்கும் ரசீது அபராதம்: செல்போனுக்கு 12,000 யென், சிவப்பு விளக்கை மீறினால் 6,000 யென். இருபது நடைக் கூலி ஒரு நிமிஷத்தில் காலி!

சின்ன மோட்டார் வண்டி வைத்திருந்தால் கால் வலி மிச்சம். ஆனால் 50 சி.சி. வண்டி மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பெரிய சந்திப்பில் நேராக வலது பக்கம் திரும்பவும் கூடாது. எதிர்ப்பக்கம் வரை போய், வண்டியைத் திருப்பி, அடுத்த விளக்குக்குக் காத்திருக்க வேண்டும். ஊரில் வாங்கிய லைசென்சை ஜப்பான் லைசென்சாக மாற்றுவதும் கஷ்டமாகிவிட்டது. முன்பு 10 கேள்விதான். 2025 அக்டோபர் முதல் 50 கேள்வி. 45-க்குச் சரியான பதில் எழுத வேண்டும்.

இவ்வளவையும் தாண்டி, ஈரத் தெருவில் சக்கரம் வழுக்கிக் கீழே விழுந்தால்?

கடைப் பையன் விழுந்தால் தொழிலாளர் விபத்து இன்ஷூரன்ஸ் இருக்கும். பெட்டிக்காரர் தொழிலாளி அல்லவே! 2021 செப்டம்பரில்தான் இவர்களும் அந்த இன்ஷூரன்சில் சேரலாம் என்று அரசாங்கம் வழி செய்தது. அதுவும் சந்தாவைத் தாங்களே கட்டினால்.

"நாங்கள் தொழிலாளிகள்தான்" என்று சொல்லி 2019 அக்டோபரில் "ஊபர் ஈட்ஸ் யூனியன்" என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். கம்பெனி பேச மறுத்தது. விவகாரம் டோக்கியோ தொழில் தகராறு கமிஷனுக்குப் போயிற்று. 2022 நவம்பரில் கமிஷன், "தொழிற்சங்கச் சட்டப்படி இவர்கள் தொழிலாளிகளே. சங்கத்தோடு பேசுங்கள்" என்று உத்தரவிட்டது. தொழிலாளி என்ற பெயர் கிடைக்கவே மூன்று ஆண்டு! நியாயமாகப் பார்த்தால், மழையில் மிதிப்பவனைப் பார்த்து இவன் தொழிலாளியா என்று சந்தேகப்படுவதே விசித்திரம்தான்.

வருஷ முடிவில் வரிக் கணக்கும் தானே எழுத வேண்டும். பிப்ரவரி 16 முதல் மார்ச் 15 வரை கெடு. ஜப்பானிய மொழியில் படிவம். நேபாளத்துக்காரருக்கு மனைவி எழுதிக் கொடுக்கிறாள். தனியாக இருப்பவர்கள் யாரையாவது பிடிக்க வேண்டியதுதான்.

மணி பதினொன்றரை. மழை விடவில்லை. நம் ஆசாமிக்குக் கடைசி நடை. லிப்ட் இல்லாத வீடு, நாலாவது மாடி. செல்போனில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறது: "குழந்தை தூங்குகிறது. மணி அடிக்க வேண்டாம். வாசலில் வைத்துவிடவும்."

அவர் சத்தம் போடாமல் படி ஏறுகிறார். பொட்டலத்தின் மேல் இருந்த தண்ணீரைத் துடைக்கிறார். கதவு ஓரத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புகிறார். பிறகு ஈரச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்குகிறார்.