முகாமில் போன மூச்சு திரும்புமா?

பல ஆண்டுகள் முகாமில் இருந்துவிட்டுச் சொந்தக் காணிக்குத் திரும்பிய ஒரு குடும்பத்தை அண்மையில் சந்தித்தோம். பற்றை வெட்டித் துப்புரவாக்கிய நிலத்தில் குடும்பத் தலைவர் வெங்காயத்திற்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு வயது. இரண்டு பாத்தி முடியுமுன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. "பாதர், என்ர மூச்சு முகாமிலையே போட்டுது. முந்தி விடிய வெள்ளன துவங்கினா மத்தியானம் மட்டும் கொத்துவன். இனி ஏலாது போல" என்றார்.

அவருடைய மகன் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்திருந்தான். அன்று மாலை பயிற்சியில் முதற் சுற்றிலேயே எல்லோருக்கும் முன்னால் பாய்ந்தான். மூன்றாம் சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான். தகப்பனுக்கு வயது போய்விட்டது என்ற கவலை. மகனுக்குத் தனக்கு ஓட்டம் வராது என்ற கவலை. இருவருடைய முடிவும் பிழையானது என்பதே எமது கருத்து.

சும்மா இருந்தால் என்ன நடக்கிறது?

1966 இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் ஓர் ஆய்வு நடைபெற்றது. ஆரோக்கியமான 20 வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் கட்டிலில் படுத்தபடியே இருக்கச் செய்தனர். அவர்களுடைய உடல் கடும் உழைப்பின்போது பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் அளவு கால்வாசிக்கும் மேலாகக் குறைந்துவிட்டது. பின்னர் எட்டு வாரம் பயிற்சி கொடுத்தபோது இழந்ததைப் பெற்றதோடு, முன்பிருந்த நிலையையும் தாண்டினர்.

1996 இல், 50 வயதில், அதே ஐவரையும் மீண்டும் சோதித்தனர். முப்பது ஆண்டு முதுமை செய்த கெடுதியிலும் அன்றைய மூன்று வாரப் படுக்கை செய்த கெடுதி பெரிதாக இருந்தது! ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி செய்தபின், வயதினால் இழந்த அந்த ஆற்றலை அவர்கள் திரும்பப் பெற்றனர்.

முகாம் வாழ்க்கை கட்டிலில் கிடப்பதல்ல. தண்ணீர் பவுசருக்கும் நிவாரணத்திற்கும் வரிசையில் நின்ற கால்கள் எம்மவருடையவை. எனினும் தோட்டமும் வயலுமாக நாள் முழுவதும் உழைத்த உடல், தறப்பாள் கொட்டிலுக்குள் ஆண்டுக்கணக்காக முடங்கியது. அந்த நண்பருக்கு வந்த களைப்பில் வயதின் பங்கு சிறிது. வேலையின்றி இருந்ததன் பங்கு பெரிது. வேலையின்றிப் போனதைப் பயிற்சியால் திரும்பப் பெறலாம்.

குறை எங்கே?

மூச்சு வாங்கினால் சுவாசப்பை பழுது என்று பலர் நினைக்கின்றனர். நோயில்லாதவருக்கு அப்படியல்ல. சுவாசப்பையிலிருந்து செல்லும் இரத்தம் ஏறத்தாழ முழு அளவு ஒட்சிசனுடனேயே செல்கிறது. அதை இறைத்து அனுப்பும் இதயமும், வாங்கிப் பயன்படுத்தும் கால் தசைகளுமே பழக்கமின்றித் தளர்ந்துள்ளன. பயிற்சி செய்யும்போது இதயம் ஒரு துடிப்பில் கூடுதலான இரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. பின்னர் அதே வேலைக்கு அவ்வளவு மூச்சு வாங்காது.

ஆயினும் மூச்சுவிடும் முறையிலும் கவனம் வேண்டும். இதை ஒரு விவசாயக் கணக்கால் விளக்கலாம். நீண்ட வாய்க்காலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் வாய்க்காலே குடித்துவிடும்; பாத்திக்குப் போய்ச் சேராது. எமது சுவாசக் குழாய்களும் வாய்க்கால்தான். ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் காற்று அவற்றிலேயே தங்கிவிடுகிறது. ஒருவர் 300 மில்லிலீற்றர் வீதம் நிமிடத்திற்கு 20 தடவை மேலோட்டமாக மூச்சு விட்டால் 6 லீற்றர் இழுக்கிறார். பயன்படுவது 3 லீற்றர். 500 மில்லிலீற்றர் வீதம் 12 தடவை விடுபவரும் அதே 6 லீற்றரையே இழுக்கிறார். அவருக்குப் பயன்படுவது 4.2 லீற்றர்.

ஆகவே ஆழமான மூச்சே நல்லது. நெஞ்சையும் தோளையும் உயர்த்தி இழுப்பது ஆழமான மூச்சல்ல. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே பிரிமென்றகடு என்னும் தசை உள்ளது. அது கீழிறங்கும்போது வயிறு முன்னே வரும். பாயில் நிமிர்ந்து படுத்து, வயிற்றில் கையை வைத்து, கை உயர்ந்து தாழும்படி நாளுக்கு ஐந்து நிமிடம் மூச்சு விட்டுப் பழகுங்கள். பிறகு நடக்கும்போதும் அதேபோலச் செய்யலாம்.

காலும் மூச்சும்

1983 இல் பிராம்பிள், கரியர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் ஓடும்போது மூச்சு எப்படி இயங்குகிறது என்பதை ஆராய்ந்து எழுதினர். நாலுகாற் பாய்ச்சலில் ஓடும் மிருகம் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்றே விடும். மனிதனோ வேகத்திற்கேற்ப முறையை மாற்றுவான். நான்கு அடிக்கு ஒரு மூச்சு என்பதே பழகிய ஓட்டக்காரரிடம் கூடுதலாகக் காணப்பட்டது. அதாவது இரண்டு அடிக்கு உள்ளே, இரண்டு அடிக்கு வெளியே. மெதுவான ஓட்டத்தில் மூன்றுக்கு மூன்று வசதியாக இருக்கும். இதைக் கட்டாய விதியாகக் கொள்ள வேண்டாம். உடல் கேட்டால் மாற்றுங்கள்.

எமது பெண்கள் உலக்கை போடும்போது, குத்தும் கணத்தில் "உம்" என்று மூச்சை வெளிவிடுவார்கள். மண்வெட்டியிலும் அதே முறைதான்: ஓங்கும்போது உள்ளே, கொத்தும்போது வெளியே. மூட்டை தூக்கும்போது மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் திடீரென ஏறும். தூக்கும்போது மூச்சை விடுங்கள்.

மூக்காலா வாயாலா என்று பிள்ளைகள் கேட்பார்கள். மூக்கு காற்றை வடிகட்டி ஈரமாக்கித் தரும். மெதுவான ஓட்டத்திற்கு அது போதும். வேகம் கூடினால் வாயையும் திறக்கத்தான் வேண்டும். வாயை மூடிக்கொண்டே ஓடு என்று பிள்ளைகளை வற்புறுத்த வேண்டாம்.

எட்டு வாரத் திட்டம்

வாரத்தில் நான்கு நாள், வெயில் ஏறுமுன் அல்லது மாலையில் செய்யுங்கள்.

1, 2ஆம் வாரம்: 20 நிமிட விரைவு நடை.
3, 4ஆம் வாரம்: 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை, எட்டுத் தடவை.
5, 6ஆம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, எட்டுத் தடவை.
7, 8ஆம் வாரம்: 5 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, நான்கு தடவை.

வேகத்தை அளக்க மணிக்கூடு தேவையில்லை. பக்கத்தில் வருபவரோடு முழு வசனமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், குறையுங்கள். ஓட வசதியில்லாத பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து விரைவாக நடந்தாலும் பலன் உண்டு. விலாவில் குத்தினால் வேகத்தைக் குறைத்து, குத்தும் இடத்தைக் கையால் அழுத்தி, சற்று முன்னே வளைந்து, மூச்சை மெதுவாக வெளிவிடுங்கள். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் போகுமுன் ஓட வேண்டாம்.

கவனம்!

கிணற்றிலோ குளத்திலோ சுழியோடுமுன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடும் பழக்கம் இளைஞரிடம் உண்டு. அதனால் ஒட்சிசன் கூடுவதில்லை, காபனீரொட்சைட்டே குறைகிறது. மூச்சு எடுக்கும்படி எம்மை உந்துவது அந்தக் காபனீரொட்சைட்டுத்தான். உந்துதல் வருமுன்னரே நீருக்கடியில் மயக்கம் வந்து உயிர் போகலாம். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

நெஞ்சு நோ, தலைச்சுற்று, சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டுதல், கால் வீக்கம் உள்ளவர்களும், உடலில் ஷெல் துண்டு உள்ளவர்களும் முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். பெண்களுக்கு இரத்தச்சோகையாலும் இளைக்கலாம். இவற்றுக்கு மருந்து வேண்டும், ஓட்டத்தால் தீராது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள் பயிற்சிக்காக ஒரு அடியும் வைக்க வேண்டாம். பலரும் நடமாடும் பாதையிலேயே ஓடுங்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் குடும்பத்திடம் மீண்டும் போனோம். காலையில் தகப்பனும் மகனும் ஒழுங்கையில் கதைத்தபடியே மெல்ல ஓடி வந்தனர். மகன் போட்டியில் முதற் சுற்றை அடக்கி ஓடி நான்காவதாக வந்திருந்தான். தகப்பன் அன்று ஆறு பாத்தி கட்டினார். இடையில் இரண்டு தரம் இருந்து ஆறினார். "முந்தி மாதிரி இல்லை, பாதர். ஆனா ஏலும்" என்றார்.

உங்கள் ஊரிலும் இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து நாளைக்கே நடையைத் தொடங்குங்கள். காலபோகத்துக்கு மண்வெட்டி எடுக்குமுன் எட்டு வாரம் கிடைத்தால் போதும்.