மாவில் குறையா, கரண்டியில் குறையா?

தீபாவளி நெருங்கினால் ஜொகூர் பாருவின் ஜாலான் உங்கு புவான் பக்கம் லட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அத்தை வீட்டில்தான் பூந்தி தேய்ப்பார். தட்டில் விழுந்ததைக் கையால் அளைந்து பார்த்துவிட்டு, "ஒண்ணு கடுகாட்டம், ஒண்ணு மொச்சையாட்டம். பதம் மாறிப்போச்சு" என்பார். ரத்தப் பரிசோதனைத் தாளில் இதே கேள்வியைக் கேட்கும் எண்தான் ஆர்டிடபிள்யூ: சிவப்பணுக்கள் ஒரே அளவில் இருக்கின்றனவா?

அளப்பது எப்படி?

ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தை இயந்திரம் உப்புக் கரைசலில் கலந்து, மிக நுண்ணிய துளை வழியே இழுக்கிறது. துளையில் மின்சாரம் பாய்ந்தபடி இருக்கும். பபிள் டீ உறிஞ்சும்போது உருண்டை ஸ்ட்ராவில் நுழைந்தால் வாய்க்குத் தெரியுமே, அதுபோல ஒவ்வோர் அணுவும் கடக்கையில் மின்சாரம் ஒரு கணம் தடைபடும். அணு பெரிதானால் தடையும் பெரிது. அமெரிக்கரான வாலஸ் கூல்டர் 1953-இல் காப்புரிமை பெற்ற உத்தி இது.

சராசரி மறைப்பது

இப்படி அளந்த அளவுகளின் சராசரி எம்சிவி. வழக்கமாக 80 முதல் 100 ஃபெம்டோ லிட்டர். கடுகும் மொச்சையும் கலந்தாலும் சராசரி ஒழுங்காகவே வரலாம். ஆகவே அளவுகள் எவ்வளவு சிதறியுள்ளன என்று கணக்கிட்டு, எம்சிவியால் வகுத்துச் சதவீதமாக்குகிறார்கள். எம்சிவி 80, சிதறல் 10 என்றால் ஆர்டிடபிள்யூ 12.5%, இயல்பு. அதே 80-க்குச் சிதறல் 14.4 என்றால் 18%, கலப்படத் தட்டு.

ஏன் கலைகிறது?

எலும்பு மஜ்ஜைதான் அடுப்படி, இரும்புச்சத்துதான் மாவு, மரபணுதான் கரண்டி. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதனால் தட்டில் எப்போதும் நான்கு மாதப் பூந்தி கலந்தே கிடக்கும். இரும்பு குறையும்போது புதியவை சிறுக்கும், பழையவை அப்படியே இருக்கும், ஆர்டிடபிள்யூ ஏறும்.

தலசீமியா மரபணுவைச் சுமப்பவருக்கோ கரண்டியின் துளையே சிறியது. பூந்தி எல்லாம் சிறுசு, ஆனால் பெரும்பாலும் ஒரே சிறுசு. மலேசியாவில் 2016 முதல் படிவம் நான்கு மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை நடக்கிறது. கரண்டிக் குறைக்கு மாவைக் கூட்டிப் பயனில்லை. இரும்பு மாத்திரை கொடுக்கும்முன் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். ஆர்டிடபிள்யூ துப்புதான் தரும்; முடிவை ஃபெரிட்டின், ஹீமோகுளோபின் பகுப்பாய்வுகள் சொல்லும்.

ஒரு கண்ணி

சிதறல் அதே 10, எம்சிவி மட்டும் 65 என்று வைப்போம். விடை 15.4%! பூந்தி கலையவில்லை, வகுக்கும் எண்தான் சிறுத்தது. அதனால்தான் பல இயந்திரங்கள் அளவுகள் எவ்வளவு பரந்துள்ளன என்பதை ஃபெம்டோ லிட்டரிலேயே இன்னொரு எண்ணாகவும் அச்சிடுகின்றன.

இன்னொரு கண்ணியும் உண்டு. இரண்டு பூந்தி ஒட்டிக்கொண்டால் அத்தை விரலால் பிரித்துவிடுவார். ஒட்டிய இரண்டு அணுக்களை இயந்திரம் ஒரே பெரிய அணுவாக எண்ணிவிடும். சந்தேகம் வந்தால் ஆய்வக ஊழியர் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுகி, நுண்ணோக்கியில் கண்ணால் பார்ப்பார்.